மருந்து அடிக்க வருகிறவரிடம் லைசென்சு இருக்கிறதா?

வீட்டிலே கரையான் ஏறிவிட்டது. வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல் "டொப், டொப்" என்று சத்தம் வருகிறது. அலமாரியைத் திறந்தால், வீட்டுப் பத்திரம் வைத்த பெட்டியைச் சுற்றி மண் கோடு!

வீட்டுக்காரருக்கு நெஞ்சு பகீர் என்கிறது. தெருமுனைக்கு ஓடுகிறார். அங்கே மின்சாரக் கம்பத்தில் ஒரு நோட்டீசு.

"கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி, எலி. எல்லாம் ஒரே நாளில் ஒழிக்கப்படும்!"

கீழே போன் நம்பர். பேசுகிறார். மறுநாள் காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். முதுகில் தெளிப்பான். கையில் ஒரு பாட்டில். பாட்டிலில் லேபிள் இல்லை.

வீட்டுக்காரர் கேட்கிறார்: "எவ்வளவு? எத்தனை மணி நேரம் ஆகும்? வாடை வருமா?" விலையைப் பாதியாகக் குறைக்கிறார். வந்தவரும் "சரி, சார்" என்கிறார்.

எல்லாம் கேட்ட வீட்டுக்காரர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"உங்களிடம் லைசென்சு இருக்கிறதா?"

குன்றத்தூர் துயரம்

சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டில் எலித் தொல்லை. பூச்சி ஒழிப்பு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். எலி மருந்து வைத்தார்கள். போய்விட்டார்கள். அன்று இரவு குடும்பம் அதே வீட்டில் படுத்துத் தூங்கியது.

இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். போலீசார் வழக்குப் போட்டார்கள்.

அன்றைக்குத்தான் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுந்தது. இந்தத் தொழிலை யார் வேண்டுமானாலும் செய்யலாமா? இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாதா?

சட்டம் இருக்கிறது. நேற்று வந்ததல்ல, அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அந்தச் சட்டம் பிறந்ததே ஒரு பெரிய சாவுக் கதையிலிருந்துதான்.

மாவில் கலந்த விஷம்

1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்கள். கேரளத்திலும், அப்போது சென்னை ராஜ்யம் என்று பெயர் பெற்றிருந்த நம் பகுதியிலும் கோதுமை மாவுப் பண்டங்களைத் தின்றவர்கள் திடீர் திடீர் என்று சுருண்டு விழுந்தார்கள். வாயில் நுரை. வாந்தி. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

காரணம் என்ன? மாவு வந்த கப்பலிலேயே "பாலிடால்" என்ற பூச்சி மருந்தும் வந்தது. வயலில் அடிக்கும் கொடிய மருந்து அது. "பாரதியான்" என்பது அதன் ரசாயனப் பெயர். டப்பாவிலிருந்து கசிந்த மருந்து மாவில் இறங்கிவிட்டது.

மத்திய சர்க்கார் நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தது. பிறகு நிபுணர் குழு. பத்து வருஷம் கழித்து, 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971-ல் விதிகள் வந்தன.

மருந்து தயாரிப்பவர், விற்பவர் மட்டும் அல்ல, கூலிக்கு வீடு வீடாகப் போய் மருந்து அடிப்பவரும் லைசென்சு எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 13-வது பிரிவில் அது இருக்கிறது.

ஒரு சந்தேகம் வரலாம். தன் வீட்டில் தானே கரப்பான் மருந்து அடித்துக் கொள்கிறவருக்கும் லைசென்சு வேண்டுமா? வேண்டாம். சொந்த உபயோகம் வேறு, தொழில் வேறு. அடுத்தவர் வீட்டில் காசு வாங்கிக் கொண்டு அடித்தால்தான் லைசென்சு.

யாருக்குக் கிடைக்கும்?

லைசென்சு கொடுப்பது சுகாதாரத் துறை என்று பலர் நினைக்கிறார்கள். நகராட்சி என்றும் சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. மாநில வேளாண்மைத் துறைதான் கொடுக்கிறது.

விண்ணப்பம் போடுகிறவர் விவசாயப் பட்டதாரியாக இருக்க வேண்டும். அல்லது ரசாயனத்தை ஒரு பாடமாகப் படித்த விஞ்ஞானப் பட்டதாரியாக இருக்க வேண்டும். பட்டம் மட்டும் போதாது. குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சர்ட்டிபிகேட் வேண்டும்.

பயிற்சியையும் கண்ட இடத்தில் எடுக்க முடியாது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஹைதராபாத்திலும், உத்தரப் பிரதேசத்து ஹாபூரிலும் மத்திய சர்க்காரின் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இப்படி விதியில் குறித்த இடங்களில் படித்தால்தான் செல்லும்.

ஆகவே, திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ தொழில் தொடங்க நினைக்கும் ஒரு பட்டதாரி, முதலில் பெட்டியைக் கட்டிக் கொண்டு வெளியூருக்கு ரயில் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சம்பாத்தியம் இல்லை. சம்பளம், சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் கைக்காசு. சர்க்காருக்குக் கட்டும் கட்டணத்தைவிட, இந்தச் செலவுதான் பெரிது.

லைசென்சு வந்ததும் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி கடையில் மாட்டி வைக்க வேண்டும். மருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று கணக்கு எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தானியக் கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் விஷ வாயுவைப் பரப்பிப் பூச்சியைக் கொல்லும் வேலை தனி. "புகையூட்டல்" என்று அதற்குப் பெயர். தூத்துக்குடியிலும் சென்னையிலும் ஏற்றுமதிச் சரக்குக்கு இது நடக்கிறது. அதற்கு டில்லிப் பக்கத்துப் பரீதாபாத்தில் உள்ள பயிர்ப் பாதுகாப்புத் தலைமை அலுவலகத்தின் அங்கீகாரமும் வேண்டும். சாதாரண வீட்டு வேலைக்காரர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

லைசென்சு இல்லாமல் தொழில் செய்தால் என்ன ஆகும்? 2000-ல் திருத்திய சட்டப்படி முதல் குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

இவ்வளவு இருந்தும் லேபிள் இல்லாத பாட்டில் ஏன் ஊரைச் சுற்றுகிறது? அதற்கு விடை சட்டத்தில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

ஒரு வீட்டுக்கு எத்தனை லிட்டர்?

புது வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி. தளம் போடுவதற்கு முன்னால் மண்ணிலேயே கரையான் மருந்து விட்டுவிட வேண்டும். இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் அளவு சொல்லியிருக்கிறார்கள். 6313 என்பது அந்தத் தரத்தின் எண்.

தளத்துக்கு அடியில் கெட்டித்த மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பத்தே முக்கால் சதுர அடி.

கணக்குப் போடுங்கள். ஆயிரம் சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். 93-ஐ 5-ஆல் பெருக்கினால் 465 லிட்டர்! இரண்டு பெரிய டிரம் நிறைந்து மேலும் 65 லிட்டர். இது தளத்துக்கு மட்டும். அஸ்திவாரப் பள்ளத்துக்குத் தனி. சுவரை ஒட்டி மண் நிரப்பும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர்.

தண்ணீர் இருக்கட்டும். அதில் மருந்து எவ்வளவு?

இப்போது அதிகம் புழங்கும் மருந்து "இமிடாகுளோபிரிட்". நூற்றுக்கு 30.5 பங்கு சத்து உள்ள பாட்டிலில் இருந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலக்க வேண்டும். 465 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் மருந்து.

பழைய மருந்தான "குளோர்பைரிபாஸ்" என்றால், நூற்றுக்கு 20 பங்கு சத்து உள்ளதில் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர். அதாவது அதே தளத்துக்கு 23 லிட்டர் மருந்து! மூக்கைத் துளைக்கும் வாடை வேறு. இந்த மருந்தை 2025-ல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், சில வேலைகளுக்கு மட்டும் தவணை கொடுத்து, கைவிட வேண்டிய ரசாயனங்களோடு சேர்த்துவிட்டன.

இப்போது ஒரு காண்டிராக்டர் கால் லிட்டர் பாட்டிலோடு வந்து, "ஆயிரம் சதுர அடியையும் முடித்துவிட்டேன், பத்து வருஷம் கரையான் எட்டிப் பார்க்காது" என்கிறார். உத்தரவாதப் பத்திரமும் கொடுக்கிறார். அவர் ஊற்றியது மருந்து அல்ல, தண்ணீர் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பழைய வீட்டுக்கு வேறு வழி. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு அடிக்கு ஒரு துளை போட வேண்டும். துளை 12 மில்லிமீட்டர் அகலம். மண் வரை இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வரை மருந்துத் தண்ணீரை ஏற்றி, சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுற்றளவு 44 அடி. 44 துளை. இரண்டு ஆள். துளை போடும் மெஷின். மின்சாரம். டைல்ஸ் உடைந்தால் சண்டை. ஒரு நாள் வேலை இது. சுவரில் மேலோட்டமாகத் தெளித்துவிட்டு அரை மணியில் போகிறவருக்கு இந்தச் செலவு ஏதும் இல்லை. கரையானுக்கும் கஷ்டம் இல்லை. அது மண்ணுக்குள்ளே சுகமாக இருக்கிறது.

சந்தை நிலவரம்

நேர்மையான காண்டிராக்டருக்கு மூன்று பக்கமும் இடி.

முதல் இடி, மேலே இருந்து. பெரிய கம்பெனிகள். 1954-ல் பம்பாயில் ஆரம்பித்த ஒரு சுதேசிக் கம்பெனி நாடெங்கும் பரவியது. 2017-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அதோடு கைகோத்துக் கொண்டது. பெரிய ஓட்டல், மருந்துத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி வேலைகள் இப்படிப்பட்ட கம்பெனிகளையே தேடிப் போகின்றன. இப்போது போதாக்குறைக்குக் கைபேசியில் விரலால் தட்டினால் ஆளை அனுப்பும் கம்பெனிகளும் வந்துவிட்டன. விலையை அவர்களே போடுகிறார்கள். வேலை செய்கிறவருக்குக் கமிஷன் போக மீதி.

இரண்டாவது இடி, கீழே இருந்து. அவர்தான் நோட்டீசு ஆசாமி. கடை வாடகை இல்லை. பயிற்சி இல்லை. கணக்குப் புத்தகம் இல்லை. பில் இல்லை.

பில் என்றதும் வரி வருகிறது. பூச்சி ஒழிப்பு வேலைக்குச் சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 18. வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்து கொண்டாக வேண்டும். ஒரு வேலைக்குக் கூலி 1,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக் கொள்ளுங்கள். வரியோடு 1,180. பக்கத்திலே ஒருவர் பில் இல்லாமல் 600-க்கு வருகிறேன் என்கிறார். வீட்டுக்காரருக்கு 1,180 சொன்னவர் கொள்ளைக்காரராகத் தெரிகிறார்!

20 லட்சத்துக்குக் கீழே இருக்கிறவருக்காவது நிம்மதியா? அதுவும் இல்லை. அடுக்குமாடிச் சங்கமும் ஆபீசும் "வரி நம்பர் போட்ட பில் இருந்தால்தான் வேலை" என்று கதவைச் சாத்துகின்றன.

மூன்றாவது இடிதான் பெரிய இடி. அது வாடிக்கைக்காரர்.

அடுக்குமாடிச் சங்கத்தில் மூன்று பேரிடம் விலை கேட்பார்கள். யார் குறைவோ அவருக்கு வேலை. எந்த மருந்து, எத்தனை லிட்டர், எத்தனை துளை என்று கேட்கிறவர் அபூர்வம். கட்டடம் கட்டும் மேஸ்திரிகளில் சிலருக்கு மருந்தே தேவையில்லை. வீடு வாங்குகிறவரிடம் காட்ட ஒரு உத்தரவாதப் பத்திரம் போதும். பத்திரம் அச்சடிக்க என்ன செலவு?

இப்படி விலையை நெருக்கும்போது காண்டிராக்டர் என்ன செய்வார்? அவருக்கு இரண்டே வழி. ஒன்று, மருந்தைத் தண்ணீராக்கலாம். அதில் வீட்டுக்காரருக்குப் பண நஷ்டம். இன்னொன்று, விலை மலிவான, வேகமாகக் கொல்லும் கொடிய விஷத்தைக் கொண்டு வரலாம். அதில் உயிர் நஷ்டம்.

முன்பு "டைகுளோர்வாஸ்" என்ற மருந்தைக் கண்ணை மூடிக் கொண்டு அடித்தார்கள். அடித்த மாத்திரத்தில் கரப்பான் மல்லாந்து விழும். வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அந்த மருந்துக்கு நாட்டில் தடை. கரையானுக்கு ஊற்றிய ஆல்டிரினும் 1996-ல் தடையாகிவிட்டது. "பழைய சரக்கு கொஞ்சம் இருக்கிறது சார், அதுதான் கேட்கும்" என்று யாராவது ரகசியம் சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

மாத்திரை எமன்

எல்லாவற்றிலும் பயங்கரமானது "அலுமினியம் பாஸ்பைடு" மாத்திரை. ஒரு மாத்திரை 3 கிராம். காற்றில் ஈரம் பட்டதும் அதிலிருந்து ஒரு கிராம் விஷ வாயு கிளம்பும். நெல், கோதுமை மூட்டைகளைத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே வைப்பதற்காக ஏற்பட்டது அது. அந்த வாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது.

பத்து, இருபது மாத்திரை அடைத்த குழாய்களை 2001-லேயே சர்க்கார் தடை செய்தது. இந்த மாத்திரை மனிதர் படுத்துத் தூங்கும் வீட்டில் வைக்கும் பொருளே அல்ல. எலிக்காகவும் கூடாது. மூட்டைப்பூச்சிக்காகவும் கூடாது.

வீட்டு எலிக்கு வேறு மருந்து இருக்கிறது. "புரோமாடையலோன்" கலந்த கட்டி, நூற்றுக்கு 0.005 பங்குதான் விஷம். எலி தின்று சில நாள் கழித்துச் சாகும். தவறிப்போய்க் குழந்தை வாயில் வைத்துவிட்டாலும் டாக்டரிடம் மாற்று மருந்து உண்டு. "வைட்டமின் கே" என்பது அது. இதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமல்ல. பூட்டிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். எலிப்பொறி என்ற பழைய பண்டமும் இன்னும் கடையில் விற்கிறது!

முதுகில் தெளிப்பான் சுமப்பவர்

வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வெளியே போய்விடுகிறார். மருந்து அடிக்கிற ஆள் அந்த மணி நேரம் உள்ளேயே இருக்கிறார். நாளைக்கு நாலு வீடு. வாரத்துக்கு ஆறு நாள்.

1971 விதிகள் இவரை மறக்கவில்லை. கையுறை, உடுப்பு, முகமூடி கொடுக்க வேண்டும். வேலையில் சேர்க்கும் முன் டாக்டர் பரிசோதனை. பிறகு வருஷத்துக்கு இரண்டு தரம். முதல் உதவிச் சாமான் கைவசம் இருக்க வேண்டும். மருந்து கையாளப் பழக்கித் தர வேண்டும்.

நடப்பு என்ன? எத்தனை பேர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக் கொண்டு அடிக்கிறார்கள் என்பதை வாசகர்களே பார்த்திருப்பார்கள். விலையில் 200 ரூபாய் குறைத்துவிட்டதாகச் சந்தோஷப்படுகிறோமே, அது சில சமயம் இவருடைய முகமூடிக் காசு.

என்ன கேட்க வேண்டும்?

வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் இந்த ஆட்களை உள்ளே விடுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். லைசென்சுக் காப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லைசென்சுக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார். கஷ்டப்பட்டு வாங்கியதைக் காட்ட அவருக்கு ஆசையாகத்தான் இருக்கும்.

பிறகு மருந்து டப்பாவைக் கேளுங்கள். மூடி உடைக்காத டப்பா. உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் லேபிளில் நிறம் வைத்திருக்கிறார்கள். சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டை ஓடும் போட்டிருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சைதான் எல்லாவற்றிலும் குறைந்த விஷம். சிவப்பையோ மஞ்சளையோ சமையல் அறைக்குக் கொண்டு வந்தால், ஏன் என்று கேளுங்கள். கரப்பானுக்கு இப்போது கடுகு அளவு பொட்டுப் பொட்டாக வைக்கும் பசை மருந்தே வந்துவிட்டது. அதற்கு வீட்டைக் காலி செய்யக்கூட வேண்டாம்.

மருந்தின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். ஒரு வேளை யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்பதுதான். "ஏதோ வெள்ளையாக இருந்தது" என்றால் அவர் என்ன செய்வார்?

எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், மீன் தொட்டி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு காலி டப்பாவை அவரே எடுத்துப் போகிறாரா என்று பாருங்கள். அதை உடைத்து, குடியிருப்புக்கு ஒதுக்குப்புறமாகப் புதைக்க வேண்டும் என்பது விதி. கொல்லையில் போட்டுவிட்டுப் போனால் விடாதீர்கள். பழைய பாட்டில்காரர் கைக்குப் போனால், அடுத்த மாதம் அதே பாட்டிலில் யார் வீட்டுக்காவது நல்லெண்ணெய் வரும்.